வலப்பக்கம் திரும்பத் தெரியாத கரெல்

இலவச இணைய வகுப்பில் சேருவது சுலபம். மூன்றாம் வாரம் காணாமல் போவது அதைவிடச் சுலபம். ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை. 2020 ஊரடங்கில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ் பீச்சும் மெஹ்ரான் சஹாமியும் தொடங்கிய 'கோட் இன் பிளேஸ்' என்ற பைத்தான் நிரலாக்க வகுப்பு அந்த ஆளைத் தேடிப்பிடித்தது. மாணவர்கள் சுமார் 10,000 பேர். சொல்லிக்கொடுக்க 900 தன்னார்வலர்கள். பத்துப் பேருக்கு ஒருவர் வீதம் வாரந்தோறும் திரையில் கூடி, பெயர் சொல்லி விசாரித்தால் மட்டம் போட யாருக்கு மனம் வரும்?

எனக்கு இன்னும் பிடித்தது முதல் பாடம். பைத்தானுக்கு முன்னால் கரெல் என்ற குட்டி ரோபோ. 1981இல் ரிச்சர்ட் பாட்டிஸ் எழுதிய நூலில் பிறந்தது. முன்னால் நகரும், 'பீப்பர்' என்ற பொருளை எடுக்கும், வைக்கும், இடப்பக்கம் திரும்பும். அவ்வளவுதான். வலப்பக்கம் திரும்ப வேண்டுமா? மூன்று முறை இடப்பக்கம் திருப்பி, அந்த மூன்றுக்கும் சேர்த்து நீங்களே ஒரு கட்டளை எழுத வேண்டும். 'ஃபங்ஷன்' என்றால் என்னவென்று அரைமணி நேரம் விளக்குவதைவிட இது எவ்வளவோ மேல். (விளக்கியிருந்தால் பாதிப் பேர் கேமராவை அணைத்திருப்பார்கள்.) தான் எழுதிய கட்டளைக்கு ரோபோ திரும்புவதைப் பார்த்தவர் அடுத்த வாரமும் வருவார்.

இலவச வகுப்பு நடத்தக் கிளம்பும் நண்பர்களே, சான்றிதழை வடிவமைக்கும் முன் இப்படி ஒரு முதல் பாடத்தைத் தேடுங்கள்.