ஓரத்தில் தெரியும் கை

தைக்காமல் முடிச்சுப் போட்டே கட்டும் ஃப்ளீஸ் போர்வை என்று பேச்செடுத்தால் எல்லோரும் துணியில்தான் ஆரம்பிக்கிறார்கள். எந்த அச்சுக்கு எந்த நிறம் பொருந்தும், எங்கே தள்ளுபடி என்றே பேச்சு போகும். நான் முதலில் ஓரத்தைப் பார்ப்பேன். நடுவில் இருக்கும் பூவும் கரடிக்குட்டியும் ஆலையின் வேலை. கட்டியவரின் கை தெரிவது நாலு ஓரங்களில்தான்.

ஒன்றரை கெஜத்தில் இரண்டு துணியை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, முரட்டு ஓரத்தை வெட்டித் தள்ளி, மூலைக்கு நாலங்குலச் சதுரம் நீக்கி, ஓரங்குல அகலத்தில் குஞ்சம் நறுக்கி, மேல் குஞ்சத்தையும் கீழ்க் குஞ்சத்தையும் சேர்த்துக் கட்டினால் ஏறக்குறைய 190 முடிச்சு விழும். அத்தனையும் ஒரே இறுக்கத்தில் விழ வேண்டும். முதல் பக்கத்தை நிதானமாகக் கட்டி, கடைசிப் பக்கத்தை அவசரத்தில் இழுத்து முடித்த போர்வையைத் தரையில் விரித்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். ஓர் ஓரம் படிந்து கிடக்கும். எதிர் ஓரம் சுருங்கி, நடுத்துணி உப்பி நிற்கும்.

நான் பார்த்தவரையில் இதில் தேர்ந்த கை ஒரு மூதாட்டியுடையது. எங்கள் பகுதி நூலகத்தில், குழந்தைகள் மருத்துவமனைக்காகப் போர்வை கட்டும் குழுவில் இருந்தார். ஓய்வு பெற்ற நர்ஸ். கட்டுத் துணியில் பழகிய முடிச்சையே ஃப்ளீஸிலும் போடுவார்: வலதை இடதின் மேல், பிறகு இடதை வலதின் மேல். அடிபட்ட கைக்குத் தோளில் தூளி கட்டுகிறவர்கள் இந்தச் சதுர முடிச்சை விரும்புவது அது தட்டையாகப் படியும் என்பதற்காக. போர்வையிலும் அதே நியாயம்தான். மேல் துணியின் வால் மேல் பக்கமும், கீழ்த் துணியின் வால் கீழ்ப் பக்கமும் போய்ச் சேரும். இரண்டு தடவையும் வலதையே மேலே கொண்டுவந்தால் வால்கள் குறுக்கே திரும்பி ஓரம் முறுக்கிக்கொள்ளும். கட்டுகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் கட்டுகிறார்கள். ஓரம் ஏன் அடங்கவில்லை என்று பிறகு துணியைக் குறை சொல்கிறார்கள்.

அவரிடம் நான் இன்னும் வியப்பது ஒன்று உண்டு. பக்கம் மாறும்போது கையின் பலத்தையும் மாற்றுவார். ஃப்ளீஸ் அகலவாக்கில் நன்றாக இழுபடும், நீளவாக்கில் அவ்வளவு இழுபடாது. அதனால் மேலும் கீழும் உள்ள குஞ்சங்கள் சொன்னபடி நிற்கும். இரண்டு பக்கவாட்டுக் குஞ்சங்கள் இழுத்த இழுப்புக்கு நீண்டு, சுருண்டு, மெலிந்துவிடும். பக்கவாட்டுக்கு வந்ததும் அவர் விரல்கள் தளர்ந்துவிடும். இரண்டாவது சுற்றைப் போட்டு, முடிச்சு தன் இடத்தில் உட்கார்ந்ததும் விட்டுவிடுவார். ஃப்ளீஸின் பூமயிர் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பலம் காட்டத் தேவையே இல்லை.

குஞ்சத்தில் சிறு துளையிட்டு வாலை உள்ளே நுழைத்து இழுக்கும் முறையை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஓரம் மெல்லிதாக இருக்கும், படுத்தால் உறுத்தாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்குல அகலமே உள்ள பட்டையில் துளை போட்டால் அது பலவீனப்படத்தானே செய்யும்? குழந்தை பிடித்து இழுக்க இழுக்கத் துளை வாயைப் பிளக்கும். முடிச்சோ இழுக்க இழுக்க இறுகும். தையல் இல்லாதது கைவேலையே அல்ல என்கிற தையல்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: தப்பை மறைக்க மெஷின் இல்லை, மடித்துத் தைத்த விளிம்பும் இல்லை. இங்கே ஒவ்வொரு பிழையும் வெளியில் தெரியும்.

மடித்துத் தைக்காமலே ஓரம் பிரியாத இந்தத் துணியை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் மால்டன் மில்ஸ் ஆலை உருவாக்கியது, படகோனியா நிறுவனத்தோடு சேர்ந்து, 1979 வாக்கில். பின்னலாடை போலப் பின்னி, மயிர் எழுப்பி, சீராகக் கத்தரிக்கும் பாலியஸ்டர் அது. 1995 டிசம்பரில் ஆலை தீப்பற்றி எரிந்தபோது முதலாளி ஆரன் ஃபியூயர்ஸ்டீன் வேலையில்லாமல் நின்ற தொழிலாளிகளுக்குத் தொடர்ந்து சம்பளம் கொடுத்தார். 2001இல் ஆலை திவாலுக்குப் போனது. ஆலை எரிந்த அதே 1995இல்தான் கொலராடோவில் 'பிராஜெக்ட் லைனஸ்' என்ற தொண்டு அமைப்பு தொடங்கியது. 'பீநட்ஸ்' சித்திரத்தொடரில் போர்வையை விடாமல் பற்றிக்கொண்டு திரியும் லைனஸின் பெயர் அது. அதன் வழியாக நோயுற்ற குழந்தைகளுக்குப் போர்வை செய்து தருபவர்களில் எத்தனையோ பேர் முடிச்சுப் போர்வையையே கட்டுகிறார்கள்.

இன்று நிலைமை வேறு. அமெரிக்காவின் ஜோஆன் துணிக்கடைகள் 2025 மே மாதத்தோடு மொத்தமாக மூடப்பட்டன. துணிச்சுருளைப் புரட்டி, இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து, தடவிப் பார்த்து வாங்கிய இடம் பல ஊர்களில் இல்லாமல் போயிற்று. பதிலுக்குக் குஞ்சம் நறுக்கியே வரும் பெட்டிகள் குவிகின்றன. நான் பார்த்த பல பெட்டிகளில் துணி மெல்லிது. நாலு சலவைக்குள் பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடுகிறது. பட்டையும் முக்கால் அங்குலத்துக்குக் குறைவு. கட்டினால் கயிறாகிறது. ஒரு மணி நேரத்தில் முடியும் என்பதை ஒரு பெருமையாக அச்சிடுகிறார்கள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் குழந்தை மாதக்கணக்கில் அந்த ஓரத்தை விரலால் வருடிக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு மணி நேரம் போதாது.

கட்டப்போகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: பஞ்சு திரளாத துணியாகப் பார்த்து வாங்குங்கள். குஞ்சத்தை நீங்களே நறுக்குங்கள். ஒரு பக்கம் முடித்ததும் தரையில் விரித்துப் பாருங்கள். சுருக்கம் தெரிந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.