டெக்கோ எம்4: கம்பியில்லா வலையில் கம்பிக்கு உள்ள இடம்

ஃபைபர் இணைப்பு வீட்டின் ஒரு மூலையில் வந்து நிற்க, மேசைக் கணினியும் தொலைக்காட்சியும் அச்சுப்பொறியும் வேறு அறைகளில் இருக்கும்போது, சுவரைத் துளைக்காமல் அக்கருவிகளுக்கு லேன் கேபிள் வழியே இணைப்புத் தர மெஷ் அமைப்பு உதவுகிறது. மெஷ் என்பது ஒரே வைஃபை பெயரில் இயங்கி, தமக்குள் வானலை வழியாகத் தரவைப் பரிமாறிக்கொள்ளும் சில அலகுகளின் தொகுப்பாகும். மோடத்துடன் இணைவது முதன்மை அலகு. மற்றவை துணை அலகுகள். அவற்றை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்புக்குப் பேக்ஹால் என்று பெயர். விற்பனை விளம்பரங்கள் கைப்பேசிக்குக் கிடைக்கும் சிக்னலைப் பற்றியே பேசுகின்றன. துணை அலகின் பின்புறமுள்ள லேன் துளைகளால் என்ன பயன் என்பதை வாங்குபவர் தாமாகவே கண்டறிய வேண்டியிருக்கிறது. டிபி-லிங்க் நிறுவனத்தின் டெக்கோ எம்4 இங்கே அந்தக் கோணத்தில் மட்டுமே மதிப்பிடப்படுகிறது.

ஏறத்தாழ 19 செ.மீ. உயரமுள்ள இந்த வெள்ளை உருளையின் பின்புறத்தில் மின்செருகி நுழையும் துளையும் இரண்டு கிகாபிட் லேன் துளைகளும் உள்ளன; யுஎஸ்பி துளை கிடையாது. எது மோடத்துக்கு, எது கருவிக்கு என்ற பாகுபாடு லேன் துளைகளுக்கு இல்லை. எதில் என்ன செருகப்பட்டது என்பதை அலகே உணர்ந்துகொள்கிறது. முதன்மை அலகில் ஒரு துளையை மோடம் எடுத்துக்கொள்ள ஒன்றே எஞ்சுகிறது. கம்பியில்லாப் பேக்ஹாலில் இயங்கும் துணை அலகிலோ இரண்டுமே கருவிகளுக்குக் கிடைக்கின்றன. இது எல்லா மெஷ் அமைப்புகளிலும் உள்ள வசதியன்று: 2019இல் வெளிவந்த கூகுள் நெஸ்ட் வைஃபையின் துணை அலகில் லேன் துளையே இல்லை.

வேகத்தைப் பொறுத்தவரை, எம்4 இரட்டை அலைவரிசைக் கருவி: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 867 மெகாபிட் என்பன அதன் உச்ச இணைப்பு வேகங்கள். இணைப்பு வேகமும் பயன்பாட்டு வேகமும் ஒன்றல்ல. நல்ல சூழலிலும் முன்னதில் பாதியோ சற்றே கூடுதலோதான் கோப்பிறக்கத்தில் கிட்டும். பேக்ஹாலுக்கெனத் தனி அலைவரிசை இதில் இல்லாததால், கைப்பேசிக்கான தரவைத் துணை அலகு முதலில் வானலையில் பெற்று, பிறகு அதே வானலையில் மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கிறது; ஒரே தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும் என்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. லேன் துளையில் செருகப்பட்ட கணினிக்கு இந்த இரண்டாம் வானலைப் பயணம் இல்லை; கடைசிக் கட்டம் கம்பியில் நடந்துவிடுவதால், அதே துணை அலகின் அருகில் உள்ள கைப்பேசியைவிட அக்கணினி ஏறத்தாழ இரு மடங்கு வேகம் பெற வாய்ப்புண்டு. ஒரு துணை அலகு மற்றொரு துணை அலகைப் பற்றிக்கொண்டு நின்றால் மட்டும் இந்த ஆதாயம் குறைந்துபோகும்.

இதிலிருந்து அலகை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலான வீடுகளில் பிழை நிகழ்வதும் அங்கேதான். தொலைக்காட்சிக்கு இணைப்பு வேண்டுமென்றால் துணை அலகைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே வைத்து ஒரு முழக் கம்பியால் இணைப்பது வழக்கமாக இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் சிக்னல் நலிந்திருப்பதால்தான் மெஷ்ஷே வாங்கப்பட்டது. முதன்மை அலகின் சிக்னல் அங்கே நலிந்தே வந்து சேரும், கம்பி அதை வலுப்படுத்தாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டினாலே 5 கிகாஹெர்ட்ஸ் அலை தெளிவாகத் தேய்கிறது. கான்கிரீட் தளத்தைக் கடக்கும்போது இழப்பு இன்னும் அதிகம். லேன் கேபிளோ 100 மீட்டர் வரை வேகம் குன்றாமல் செல்லும். ஆகவே, துணை அலகை முதன்மை அலகுக்கு நேர்ப்பார்வையில், வாசற்படிக்கருகில் அல்லது கூடத்தின் நடுவில் நிறுத்தி, அங்கிருந்து சுவரடியை ஒட்டி நீளமான கம்பியை இழுத்துச் செல்வதே முறை. கம்பியின் விலை அலகின் விலையோடு ஒப்பிட்டால் பொருட்டல்ல.

லேன் துளை வழியாகப் பல கருவிகள் எவ்வாறு தத்தம் அடையாளத்தோடு இயங்குகின்றன என்பதும் அறியத்தக்கது. வைஃபையின் தரவுப் பொதியில் வழக்கமாக அனுப்புநர், பெறுநர், இடைநிற்கும் வைஃபை நிலையம் என மூன்று முகவரிகளே பயன்படும். துணை அலகுக்குப் பின்னால் வேறொரு கருவி இருக்கையில், அலைக்கட்டத்தின் இருமுனைகளும் மூல அனுப்புநரும் இறுதிப் பெறுநருமாக நான்கு முகவரிகள் தேவைப்படுகின்றன. மெஷ் அமைப்புகள் இத்தகைய நான்கு முகவரி முறையைக் கையாளுவதால், துணை அலகில் ஒரு சுவிட்சைச் செருகி ஐந்து கருவிகளை இணைத்தாலும் ஒவ்வொன்றும் தன் சொந்த மேக் முகவரியோடு டெக்கோ செயலியின் பட்டியலில் தோன்றும். அச்சுப்பொறிக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்குவதும் இதனால் எளிதாகிறது. மலிவான வைஃபை எக்ஸ்டெண்டர்கள் பலவற்றில் இந்தத் தெளிவு கிடைப்பதில்லை.

எல்லாக் கருவிகளும் இந்த ஏற்பாட்டால் சம அளவில் பயனடைவதில்லை. வைஃபை வசதியே இல்லாத மேசைக் கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் இது மிகவும் பொருத்தமானது. தொலைக்காட்சியில் நிலைமை விந்தையானது: விலையுயர்ந்த பல தொலைக்காட்சிகளிலும் லேன் துளை 100 மெகாபிட் வகையாகவே இருப்பதால், கம்பியில் 94 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது, அதே தொலைக்காட்சியின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதனை மிஞ்சக்கூடும். 4கே படத்துக்கு 25 மெகாபிட் போதும் என்பதால் இது குறையாகத் தெரிவதில்லை. கம்பியால் கிடைப்பது நிலைத்தன்மையே தவிர வேகமன்று. கண்காணிப்புக் கேமராக்கள் வீட்டின் ஒரு பக்கமும் அவற்றின் பதிவுப்பெட்டி மறுபக்கமும் இருந்து, இடையில் கம்பியில்லாப் பேக்ஹால் அமைந்தால், கேமரா ஒன்றுக்கு 4 மெகாபிட் வீதம் எட்டுக் கேமராக்களின் காட்சி இரவுபகலாக வானலையை அடைத்துக்கொள்ளும். அத்தகைய வீட்டில் மெஷ்ஷை நம்பாமல் கேமராக்களையும் பதிவுப்பெட்டியையும் நேர்க்கம்பியால் இணைப்பதே தக்கது. போட்டி விளையாட்டுகளில் சராசரித் தாமதம் சில மில்லிநொடிகளே கூடினாலும், அண்டை வீட்டு வைஃபை குறுக்கிடும் மாலை நேரங்களில் அந்தத் தாமதம் ஏறியிறங்கும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும்.

கம்பியின் தரத்தைச் சோதிப்பது எளிது. கணினியில் இணைப்பு வேகம் 1000 என்பதற்குப் பதில் 100 எனக் காட்டினால், கேபிளிலுள்ள நான்கு இணைகளில் ஏதோ ஒன்று அறுந்திருக்கலாம், அல்லது முனையில் கிளிப் சரியாக அடிக்கப்படாதிருக்கலாம்; கிகாபிட்டுக்கு நான்கு இணைகளும் தேவை, 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். செம்புப்பூச்சுள்ள அலுமினியக் கேபிள்களைத் தவிர்த்துவிடலாம்.

சுவிட்ச் சேர்ப்பவர் அதனை மோடத்துக்கும் முதன்மை அலகுக்கும் இடையில் வைக்காமல், முதன்மை அலகுக்குப் பின்னரே வைக்க வேண்டும். இல்லையேல், டெக்கோவே ரூட்டராக இயங்கும் முறையில், அந்த சுவிட்சிலுள்ள கருவிகள் டெக்கோவின் வலைக்கு வெளியே நின்றுவிடும். ஃபைபர் மோடமே ரூட்டராகவும் இயங்கும் வீடுகளில் டெக்கோவை வைஃபையை மட்டும் வழங்கும் அக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றினால், இரு ரூட்டர்களும் அடுத்தடுத்து ஐபி முகவரியை மாற்றும் இரட்டை முகவரி மாற்றம் என்னும் சிக்கல் தீர்கிறது. ஆயினும் முகவரி ஒதுக்கீடு, குழந்தைகளுக்கான கட்டுப்பாடு ஆகிய வசதிகள் டெக்கோவின் செயலியிலிருந்து விலகிவிடுகின்றன. ஓரறையில் ஒரு கணினியும் ஒரு தொலைக்காட்சியும் மட்டுமே கம்பி கேட்கும் குடும்பத்துக்கு எம்4 தாராளமாகப் போதும். விலையைக் கருதி அதே வரிசையின் இ4 மாதிரியை எடுப்பவர், அதன் லேன் துளைகள் 100 மெகாபிட் வகை என்பதை அட்டைப்பெட்டியைப் படித்து உறுதிசெய்துகொண்டே பணம் செலுத்த வேண்டும்.