வரையாட்டு மலையில் மூன்று சட்டைகள்
நியூசிலாந்தின் தெற்குத் தீவில் இமயமலை வரையாடு வேட்டைக்குப் போகிறவர்கள் உடுத்தும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருகாலத்தில் நம் நீலகிரி வரையாட்டோடு ஒரே பேரினத்தில் வைக்கப்பட்ட ஆடு அது. 1904-இல் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். வெயில், மழை, பனி மூன்றும் ஒரே பகலில் வந்துபோகும் மலை.

உடம்போடு ஒட்டி ஒரு மெரினோ கம்பளி பனியன். அருமையான பொருள்! இழை மெல்லிசு என்பதால் அரிக்காது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்த பிறகும் நசநசக்காது. நாலு நாள் போட்டாலும் வாடை தங்காது. பருத்தியோ நனைந்தால் உடம்புச் சூட்டையே இழுத்துவிடும். கழுத்தில் ஒரு சாண் ஜிப்: ஏறும்போது திறந்தால் மார்பில் காற்று, முகட்டில் நின்றதும் தாடைவரை ஏற்றிக்கொள்ளலாம்.

அதன்மேல் வாத்துத் தூவி அடைத்த ஜாக்கெட். உடம்பு ஆறுவதற்குள் மாட்டிக்கொண்டு பைனாகுலரோடு உட்கார வேண்டும். தூவி நனைந்தால் படுத்துவிடும். ஈரச் சரிவில் ஃபிளீஸ்தான் நம்பகம்.

எல்லாவற்றுக்கும் மேலே மழை ஜாக்கெட். அக்குளிலும் ஜிப் வைத்துத் தைத்தவர் மலை ஏறியவராகத்தான் இருப்பார். துணி சரசரத்தால் ஆட்டின் காதுக்கு எட்டிவிடும், ஆகவே கடையிலேயே கையோடு கை உரசிப் பார்த்து வாங்க வேண்டும்.