மங்களூர்ல எங்க?
‘ஜெய் பீம்’ படத்தை முன்வைத்துச் சில கேள்விகள்

‘ஜெய் பீம்’ (2021) படத்தின் முதல் காட்சி சிறை வாசலில் நடக்கிறது. விடுதலையாகி வருகிறவர்களிடம் என்ன சாதி என்று கேட்கிறார்கள். ஆதிக்க சாதியைச் சொன்னவன் வீட்டுக்குப் போகிறான். மற்றவர்களை ஓரமாக நிறுத்தி, முடியாத வழக்குகளை முடிக்க, வெவ்வேறு ஸ்டேஷன்காரர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தமிழ் சினிமா போலீசைப் பற்றிச் சொன்னதில் இவ்வளவு நேரான காட்சி குறைவு.

எங்க மங்களூர் பக்கம் சாதியை இப்படி நேரா கேக்க மாட்டாங்க. என் அக்கா மகன் விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனி வேலை முடிந்து ராத்திரி வண்டியில் வருகிறான். நிறுத்துகிறார்கள். லைசென்ஸ், ஆர்.சி. புக், ஹெல்மெட் எல்லாம் சரி. பிறகுதான் விசாரணையே தொடங்குகிறது. “எந்த ஊரு?” மங்களூர். “மங்களூர்ல எங்க?” காலனி என்றதும், “வண்டி யாருது? வாங்க ஏது காசு?” விடிய விடிய உட்கார வைத்தார்கள். அவன் கண்ணெதிரே லைசென்ஸே இல்லாத ஊர்த்தெருப் பையன் சிரித்துக்கொண்டே போனானாம்.

அமெரிக்காவில் கறுப்பராய்ப் பிறந்து கார் ஓட்டுவதே குற்றம் என்று அங்குள்ள கறுப்பர்கள் கசப்போடு சொல்வார்கள். 2016ல் மின்னசோட்டாவில் காரை நிறுத்திய போலீஸ்காரன் சுட்டுச் செத்தவர் பிலாண்டோ காஸ்டில். அதற்கு முன்பும் சில்லறைக் காரணங்களுக்காகப் பலமுறை நிறுத்தப்பட்டவர். அங்கே தோலே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இங்கே தோலில் தெரியாது, அதனால் தெருவைக் கேட்கிறான்.

படத்துக்கு அடிப்படை எங்களுக்குப் பக்கத்தில் நடந்ததுதான். 1993ல் முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவைத் திருட்டு விசாரணை என்று கம்மாபுரம் போலீஸ் கொண்டுபோனது; அவர் உயிரோடு திரும்பவில்லை. குற்றவாளிப் போலீசாருக்குத் தண்டனை என்று உயர்நீதிமன்றம் சொல்ல 2006 ஆனது. பதின்மூன்று வருஷம்.

அந்த ராஜாக்கண்ணு குறவர். படத்தில் இருளராக்கிவிட்டார்கள். இருளர் போலீசிடம் படாதவர்களா? இல்லை. 2011ல் திருக்கோவிலூர்ப் பக்கம் இருளர் பெண்கள் போலீசார் மீது கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகாரை மறக்க முடியாது. இயக்குநருக்கு வேறு நியாயங்களும் இருக்கலாம். ஆனால் 1871ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்து, 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் பாய்ந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் சூடு பட்ட பெயர் குறவர். 1952ல் சட்டம் போயிற்று, சூடு போகவில்லை. சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யக் கூடாதென்று 2024லும் உச்சநீதிமன்றம் போலீசுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. சந்தேகம் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெயரையே கதையிலிருந்து எடுத்துவிட்டால் சந்தேகத்தை யார் விசாரிப்பது?

படத்து ராஜாக்கண்ணு பாம்பு பிடிக்கிறான், செங்கல் அறுக்கிறான், பெண்டாட்டி பிள்ளைகள் மேல் உயிராயிருக்கிறான். நல்லவன் என்று நமக்கு நிரூபித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவன் நல்லவனாக இல்லாமல் போனால்? அப்போது அடித்தது சரியா? நடுத்தர வர்க்கப் பார்வையாளனின் கண்ணீருக்கு நம்மாட்கள் கேரக்டர் சர்டிபிகேட் கொடுக்க வேண்டியிருக்கிறது. கூடவே மனம் மாறும் ஐ.ஜி. ஒருவர். எந்திரம் நல்லதுதான், ஓட்டுகிறவன்தான் சரியில்லை என்ற ஆறுதல். (சூர்யா இல்லாமல் இந்தப் படத்தை யார் எடுத்திருப்பார்கள் என்றும் கேட்கலாம். அது நியாயமான கேள்விதான்.)

இத்தனைக்கும் நடுவில் ஒரு காட்சி மட்டும் தப்பித்துவிடுகிறது. செங்கேணியை வீட்டில் விட்டுவரச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அவள் ஜீப்பில் ஏற மாட்டேன் என்கிறாள். மகளைக் கூட்டிக்கொண்டு நடக்கிறாள். பின்னாலேயே போலீஸ் ஜீப் ஊர்ந்து வருகிறது. மக்கள் – போலீஸ் நல்லுறவு என்று போர்டு மாட்டி வாலிபால் போட்டி நடத்துகிறவர்கள் அந்த நடையைப் பார்க்க வேண்டும். ஏறாததற்கு அவள் காரணம் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

அக்கா மகன் இப்போது மெயின் ரோட்டில் வருவதில்லை. ஏரிக்கரை மண்பாதையைச் சுற்றிக்கொண்டு வருகிறான். கேட்டா, “அந்த வழி காத்தோட்டமா இருக்கு மாமா” என்கிறான்.