அம்பத்தூர் அல்வா ஏன் இல்லை?

"சென்னையில் கட்டாயம் சாப்பிட வேண்டியவை" என்று வருகிற பட்டியல்கள் எல்லாமே ஒரே மாதிரி. மயிலாப்பூர், தி.நகர், சௌகார்பேட்டை, பர்மா பஜார் அத்தோ. அண்ணா நகரைத் தாண்டி மேற்கே வண்டி வராது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லையாம். இதை நான் ஏற்கவில்லை.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை என்று 1960களில் வேலை தேடி வந்தவர்களால் வளர்ந்த பகுதி இது. வந்தவங்க நாக்கையும் கூடவே கொண்டு வந்தாங்க. அதனால்தான் இங்கே கடைப் பலகைகளில் எல்லா ஊரும் இருக்கிறது: திருநெல்வேலி அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு.

பட்டியல்காரர்கள் மேல் எனக்குள்ள குறை பாதிதான். மீதிப் பாதி இந்தப் பலகைகள் மேல். பால்கோவாவுக்கு 2019-இலும், கடலைமிட்டாய்க்கு 2020-இலும், மணப்பாறை முறுக்குக்கு 2023-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, அந்தந்த வட்டாரத்தில் தயாரானதுக்கு மட்டுமே அந்தப் பெயர். அம்பத்தூரில் கிண்டியது எவ்வளவு ருசியாக இருந்தாலும் அது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கிடையாது. இதில் நஷ்டம் ரெண்டு பேருக்கு. அங்கே பால் காய்ச்சுகிறவருக்கு ஒரு விற்பனை போச்சு. இங்கே பிரமாதமாகச் செய்கிறவருக்குப் பெயரே போச்சு.

"தண்ணி வேற, மண்ணு வேற, நம்ம ஊர் பேர்ல வச்சா யார் வாங்குவா?" என்று கேட்கலாம். திருநெல்வேலியையே பாருங்க. தாமிரபரணித் தண்ணியைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், ஆனால் இருட்டுக்கடையை நடத்துவது வட இந்தியாவிலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம். கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுகிற அந்த வேலையை ஒரே ஊரில் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். வந்தேறிப் பண்டம் ஊர்ப் பண்டமானது அப்படித்தான். அம்பத்தூருக்கும் அறுபது வருஷம் ஆகிவிட்டது.

அதனால் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலகையைப் படம் எடுப்பதோடு நிறுத்தாதீங்க. எங்கே செஞ்சது, எப்போ செஞ்சது, எதுல செஞ்சதுன்னு கேளுங்க. பால்கோவா என்றால் பாலும் சர்க்கரையும் போதும். அல்வா ரப்பர் மாதிரி இழுத்தால் கோதுமைப் பாலா, சோள மாவா என்று கேட்பதில் தப்பில்லை. "ஊர்லேர்ந்து வருது" என்றால் எந்த நாள் வந்தது என்று கேளுங்க. "பின்னாடி நாங்களே கிண்டுறோம் சார்" என்று பதில் வந்து, சாப்பிட்டும் பிடித்திருந்தால், தயங்காமல் அம்பத்தூர் அல்வா என்றே எழுதுங்க. கடைக்காரர் பலகையை மாற்ற அதுவே காரணமாகலாம்.