பஞ்சாரத்துக் கோழி

அடைக்கு அமர்ந்த சிறுவிடைக் கோழியொன்று, கூடை மணலில் வைத்த பத்துப் பன்னிரண்டு முட்டைகளைத் தன் வயிற்றுச் சூட்டில் பொதிந்து, இரைக்கும் நீருக்கும் மாத்திரம் சற்றே எழுந்து, அலகினால் ஒவ்வொன்றாய்ப் புரட்டிவிட்டு, 21 நாள் தவமிருப்பதை அருகிருந்து பார்ப்பது ஒரு பாக்கியம். அக்கோழியை வேறொரு வீட்டுக்குக் கொடுக்க நேரும்போதுதான் வளர்ப்பவரின் ஹிருதயம் தெரிகிறது: விஷயம் அறிந்தவர்கள், பொழுது சாய்ந்து கூடு அடைந்த பிறகே, கலவரமின்றி அதைப் பிடித்து, துணி மூடிய கூடையில் எடுத்துப்போய், போன இடத்தில் நாலைந்து நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்து, கம்பும் நொய்யும் இட்டுப் பழக்குவார்கள். காலைக் கட்டித் தலைகீழாய்த் தொங்கவிட்டுக் கொண்டுபோவது, என் அபிப்பிராயத்தில், ஜீவனுக்குச் செய்யும் அபசாரம். இப்படிப் பழகிய கோழி, பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டதும் குப்பைமேடெல்லாம் கிளறி மேய்ந்துவிட்டு, அந்தியில் தானாகவே புது வீட்டுக் கூட்டுக்கு வந்து அடைகிறது.