உணவுத் திருவிழாவில் யார் கடை போடுகிறார்கள்?

பள்ளியில் உணவுத் திருவிழா என்று சுற்றறிக்கை வந்தால் அதில் இரண்டு வாக்குறுதிகள் இருக்கும். பிள்ளைகள் சமைக்கக் கற்பார்கள், வியாபாரமும் கற்பார்கள். இரண்டும் நடக்கின்றனவா?

சமையலை எடுத்துக்கொள்வோம். பல கடைகளில் விற்பனைக்கு வருவது, அம்மா விடியலுக்கு முன்பே எழுந்து செய்து ஹாட்பாக்ஸில் அடைத்துக் கொடுத்த பண்டம். பிள்ளை செய்வது அதை எடுத்துத் தட்டில் வைப்பது மட்டுமே. இதைத் தவிர்க்கச் சில பள்ளிகள் 'அடுப்பில்லாச் சமையல்' என்று அறிவித்து, பிள்ளைகளையே செய்யச் சொல்கின்றன. தீ பயமும் இதற்கு ஒரு காரணம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய தீ 94 குழந்தைகளைப் பலிகொண்ட மாநிலம் இது. வளாகத்துக்குள் அடுப்பு மூட்டத் தலைமையாசிரியர் தயங்குவதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அடுப்போடு இன்னொன்றும் போய்விடுகிறது. சமையலில் கிருமியைக் கொல்லும் முக்கியமான கட்டம் சூடுதான். பேல் பூரி, பழக்கலவை, சாண்ட்விச், எலுமிச்சை ஜூஸ் எல்லாமே பல கைகள் பட்டு, சூடே காணாமல் வாய்க்குப் போகிறவை. வேகாத முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததன் பின்னணியும் இதுதான். தீ விபத்தைத் தடுக்க எடுத்த முடிவு, வயிற்றுக் கோளாறுக்கு வழி திறந்துவிடுகிறது. இந்தப் பரிமாற்றத்தை யோசித்துச் செய்த பள்ளிகள் குறைவு என்றே நினைக்கிறேன்.

சமைத்துக் கொண்டுவருவதும் அவ்வளவு பத்திரமில்லை. சமைத்த உணவைச் சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் விழாக்களிலோ சிறப்பு விருந்தினர் வந்து ரிப்பன் வெட்டும்வரை கடை திறக்காது. காலை ஆறு மணிக்கு அரைத்த தேங்காய்ச் சட்னி பதினொரு மணிவரை காத்திருக்கிறது. (சட்னிக்கு விருந்தினரின் பதவி தெரியாது.)

அடுத்தது வியாபாரம். ஒரு கிலோ கொண்டைக்கடலையில் சுண்டல் செய்வதாக வைத்துக்கொள்வோம். கடலை, தேங்காய், தாளிப்பு, காகிதக் கிண்ணம் எல்லாம் சேர்த்து 200 ரூபாய். கிண்ணத்துக்கு 100 கிராம் வீதம் 22 கிண்ணம் தேறும். 20 ரூபாய்க்கு விற்றால் 440. 'லாபம் 240' என்று பலகையில் எழுதுவார்கள், கைதட்டலும் கிடைக்கும். பல வீடுகளில் அந்த 200-ம் அப்பாவின் பணம் என்பதால் 440-ஐயும் லாபம் என்று எழுதுவது உண்டு. ஊற வைத்து, வேக வைத்து, தாளித்துக் கட்டிக்கொடுத்த அம்மாவின் மூன்று மணி நேரத்துக்கு மணிக்கு 80 ரூபாய் போட்டால் லாபம் பூஜ்யம். வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு விலையில்லை என்ற பாடத்தைப் பள்ளியே கணக்காக எழுதிக் காட்டுகிறது. என் பார்வையில் இந்த விழாவின் மிகப் பெரிய பிழை இது.

சில்லறை எண்ணிக் கொடுக்கும் மனக்கணக்காவது மிஞ்சுமே என்பார்கள். மேசையில் அம்மாவின் க்யூஆர் குறியீட்டை ஒட்டிவிட்டால் அதுவும் போயிற்று. பையில் பத்து ரூபாய்கூட இல்லாமல் வந்த பிள்ளை கடை கடையாய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதை எந்த அறிக்கையும் எழுதுவதில்லை.

இன்னொரு முரணும் உண்டு. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் சுற்றிலும் 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை. அதைக் காட்டி வாசல் வண்டிக்காரரை விரட்டும் பள்ளி, விழா நாளில் சர்க்கரை மிகுந்த சாக்லெட் பானத்தை உள்ளே விற்க விடுகிறது.

அப்படியானால் நிறுத்திவிடலாமா? கூடாது. முன்பின் தெரியாதவரிடம் விலை சொல்லி, அவர் முகம் சுளித்தால் பதில் சொல்லி, மீந்ததை என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டிய இடம் வகுப்பறையில் கிடையாது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை கூவி விற்கிற ஒரு மணி நேரத்துக்குப் பாடப்புத்தகத்தில் ஈடில்லை. அந்த ஒன்றுக்காகவே கடை இருக்கட்டும்.

ஆனால் இப்போதைய வடிவத்துக்கு என் தீர்ப்பு: தேறவில்லை. நாற்பது மேசைக்குப் பதில் ஐந்தாறு போதும். வறுத்த வேர்க்கடலை, பொரி உருண்டை, உரித்துச் சாப்பிடும் பழம் என்று காத்திருந்தாலும் கெடாத பண்டங்கள். கொள்முதலுக்குப் பிள்ளைகளே கடைத்தெருவுக்குப் போகட்டும். ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளியே ஒரே அளவு டோக்கன் தரட்டும். கணக்கு நோட்டில் உழைப்புக்கூலி என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். அதிக லாபத்துக்குப் பரிசு வேண்டாம். நட்டத்தை மறைக்காமல் எழுதி, காரணமும் சொன்ன கடைக்குக் கொடுக்கலாம். விருந்தினரை வேண்டுமானால் சாயங்காலம் அழைத்துக்கொள்ளலாம்.